நாளைக்குக் காலை எடுக்கணும்

எங்கள் வீட்டில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "கால எடுங்க." என் வீட்டுக்காரர் தங்கச்சிமடத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர். கடலில் நாள் முழுக்க நின்றே பழகியவருக்குக் கரைக்கு வந்தால் உட்காரத்தான் பிடிக்கும். அதுவும் நாற்காலியில் இல்லை. அடுப்படி வாசலுக்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்து, தரையில் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்காருவார். நான் சோற்றுப் பானையோடு வர வேண்டும், கொதிக்கிற குழம்போடு வர வேண்டும், வழியை மறித்து அந்தக் கால்கள் கிடக்கும். தாண்டவும் கூடாது. "கால எடுங்க" என்பேன். எடுப்பார். நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் மறுபடியும் நீட்டியிருப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வேற்றுமை உருபை விட்டு எழுதுகிற பிள்ளையை லேசில் விடமாட்டேன். 'ஐ' எங்கே போச்சு, 'இல்' எங்கே போச்சு என்று சிவப்பு மையால் சுழித்து நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன். கோபக்காரி என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. வீட்டுக்காரரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்கு அல்ல, கேலிக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தது முழுக்க ஒரு உருபு காற்றோடு போனதால் வந்த வினை.

அது மீன்பிடித் தடைக்காலம். போட்டுகள் எல்லாம் கரையில் சும்மா நின்றன. எனக்கும் கோடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாதா கோயிலுக்குப் பூசை காண நடந்தே போவோம். அப்போதுதான் கவனித்தேன், மனிதர் வழியில் நின்று நின்று வருகிறார். டீக்கடை முன்னால் நிற்பார், டீ குடிக்க மாட்டார். ஐஸ் கம்பெனி வாசலில் நிற்பார், கிழிந்துபோன கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை முதல் தடவை பார்ப்பது போலப் படிப்பார். அதற்கு முந்தின ஞாயிறும் அதே சுவரொட்டியைத்தான் படித்தார்.

"என்னத்தப் பராக்குப் பாக்குறீக? நாம போறதுக்குள்ள பூசை முடிஞ்சு சாமியார் காலைச் சாப்பாட்டுக்கே போயிருவாரு" என்று கத்தினேன்.

"கெண்டக்கால்ல நரம்பு இழுக்குது டீச்சர். செத்த நின்னா விட்ரும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் தோலுக்குக் கீழே ஓடுகிற எல்லாமே நரம்புதான். கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு. குளுக்கோஸ் ஏற்றுவது நரம்பில். காலில் புடைத்துச் சுருண்டால் நரம்பு சுருட்டல். மரத்துப் போனாலும் நரம்பு, கோபம் வந்தால் புடைப்பதும் நரம்பு. தமனி, சிரை என்ற சொற்கள் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, நானும் கொண்டுவந்ததில்லை. ஆகவே நரம்பு என்று சொன்னதும் மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை வாங்கினோம். எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம். நரம்பு எடுத்துவிடுகிறவர் ஒருவர் பாம்பனில் இருந்தார். அவரிடமும் போய்க் காலைக் கொடுத்துவிட்டு வந்தார். வலி அப்படியேதான் இருந்தது. வீட்டிலிருந்து ஐஸ் கம்பெனி வரை போய் நின்றவர், பிறகு டீக்கடையோடு நின்றார், அப்புறம் டீக்கடை வரைக்கும்கூடப் போக முடியவில்லை.

இந்த லட்சணத்தில் வலது கால் பெருவிரலில் ஒரு புண். தடைக்காலத்துக்கு முன்னால் கெளுத்தி முள் குத்தியது. கடல்காரருக்கு முள் குத்துவது ஒரு சங்கதியே இல்லை, எத்தனையோ குத்தி ஆறியிருக்கிறது. இது ஆறவில்லை. ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. நான் தினமும் குனிந்து குனிந்து அதையே பார்த்தேன். காரணம் எங்கள் எதிர் வீடு. அந்த வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. சர்க்கரைப் புண் என்று விரலை எடுத்தார்கள், பிறகு முட்டிக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்க்கிறார். அவரும் போட்டு டிரைவராக இருந்தவர்தான். என் வீட்டுக்காரர் தெருவில் இறங்கும்போது அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார்: "அலையில ரெண்டு காலை ஊனியே நிக்கிறது பாடு. ஒத்தக் கால வச்சுக்கிட்டு எவன் போட்டு ஓட்டுறது?" நான் வாயை மூடுங்கள் என்றேன்.

ஒருவழியாக இழுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவைப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். புண்ணைப் பார்த்தார். பிறகு புண்ணை விட்டுவிட்டுப் பாதத்தின் மேலே விரலை வைத்துக் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு நின்றார். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தார். முட்டிக்குப் பின்னால் வைத்தார். இடது காலுக்குப் போய் அதே இடங்களைத் தொட்டுவிட்டு மறுபடியும் வலது காலுக்கு வந்தார்.  

பிறகு கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டினார்.

"காலுக்கும் பிரஷர் இருக்கா தாயி?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இருக்குங்கய்யா. கையில எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு காலுலயும் இருக்கணும்" என்றார் டாக்டர். பேனா மாதிரி ஒன்றைப் பாதத்தில் வைத்தார். அதிலிருந்து வயர் போய் ஒரு சின்னப் பெட்டியில் முடிந்தது. இடது காலில் வைத்தபோது பெட்டி, டக் டக்கென்று நன்றாகச் சத்தம் போட்டது. வலது காலில் வைத்தபோது, பழைய பம்புசெட்டில் காற்று வாங்குகிற மாதிரி உஸ் உஸ் என்று இழுத்தது.

"நரம்பு இழுக்குதும்மா, அதான்" என்றார் இவர்.

"நரம்பு இல்லங்கய்யா, இது ரத்தக்குழாய். காலுக்குப் போற ரத்தம் பத்தல. நடக்கறப்ப சதைக்கு ரத்தம் கூட வேணும், கெடைக்கல, வலிக்குது. நின்னா விட்ருது. புண்ணும் அதனாலதான் ஆறல" என்ற டாக்டர் என்னைப் பார்த்துத் தொடர்ந்தார். "எங்க அடைச்சிருக்குன்னு டாப்ளர் ஸ்கேன்ல பாத்துருவோம். கத்தி கெடையாது, ஊசி கெடையாது, மேலோட்டமா வச்சுப் பாக்குறதுதான். அதுக்கான ஆளு வர்ற நாளப் பாத்துப் போன்ல சொல்லுவாங்க. ஆனா இனிமே தள்ளிப் போடாதீங்க. இப்படியே விட்டா கால எடுக்க வேண்டி வந்துரும்."

அந்தக் கடைசி வாக்கியம் இவர் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன்னால் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. டாப்ளர் ஸ்கேன் என்றதையும் அவர் அந்தப் பேனாப் பெட்டிதான் என்று எடுத்துக்கொண்டார். அதுதான் பார்த்தாயிற்றே, இனிமேல் முடிவுதான் பாக்கி என்று நினைத்திருக்கிறார். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால் ஜன்னலோரம். பாம்பன் பாலத்தில் ஏறும்போது அவருக்குப் போன் வந்தது. அந்தக் காற்றில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆஸ்பத்திரியில் இருந்து பேசிய நர்ஸ், நாளைக்குக் காலைல ஸ்கேன் எடுக்கணும், வெறும் வயிற்றில் வாங்க, கூட ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். காற்று 'ல'வைத் தின்றுவிட்டது, ஸ்கேனையும் சேர்த்துத் தின்றுவிட்டது. இவர் காதில் விழுந்தது இதுதான்: நாளைக்குக் கால எடுக்கணும், வெறும் வயிற்றில் வாங்க, கூட ஆள் வேண்டும். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன சந்தேகம் வரும்?

தங்கச்சிமடத்தில் இறங்கியதும் சொன்னார்: "போன் பண்ணுனாக. நாளைக்குக் கால எடுக்கணுமாம்."

நாளைக்குக் காலையில் என்று நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் பிள்ளைகளிடம் எந்த உருபு எங்கே போச்சு என்று கேட்டவள், அன்றைக்கு விட்டுப்போன உருபை நானாகவே போட்டு நிரப்பிக்கொண்டேன்.

"அடடா, நல்லதாப் போச்சு. இம்புட்டுச் சீக்கிரம் கெடைக்கும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்போது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் செய்ததெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மெல்ல நின்று நின்று போட்டு வரைக்கும் போய்விட்டு வந்தார். எதற்கு என்றால், சும்மா ஏறி நின்னேன் என்றார். கிணற்றடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு வலது காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகம் வெட்டினார். தூத்துக்குடியில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, அவள் சமையல் வரைக்கும் விசாரித்தார். மகள் உடனே என்னைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, இவ்வளவு பாசமாப் பேசுறாக?" என்று கேட்டாள். ஒரு ஸ்கேனுக்குப் போவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நான் அவளிடம் சிரித்தேன்.

பிறகு வழக்கமான இடத்தில் வந்து கால் நீட்டி உட்கார்ந்தார். நான் இட்லிச் சட்டியோடு வந்தேன். "கால எடுங்க" என்றேன்.

"இன்னைக்கு ஒருநாள் கெடக்கட்டும் டீச்சர்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அலுப்பு என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "எடுத்துத்தான் ஆகணுமா?"

"பின்ன? எடுத்தாத்தான ஒரு முடிவு தெரியும்."

"எடுக்கறப்ப வலிக்குமா?"

"ஒண்ணுமே தெரியாதாம். நீங்க படுத்திருந்தாப் போதும், அவுக பாட்டுக்கு எடுத்துட்டு விட்ருவாக."

"உனக்கு ஒண்ணும் இல்லியா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடலில் இவ்வளவு தைரியமான ஆள், ஆஸ்பத்திரி என்றால் பிள்ளை மாதிரி நடுங்குகிறாரே என்று. "எனக்கென்ன? ஊர்ல எத்தன பேரு எடுக்குறாக. நம்ம எதிர் வீட்டுல எடுக்கலியா?" என்றேன். எதிர் வீட்டு அம்மா போன வாரம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருந்தார். நான் சொன்னது அதை. "எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். வந்ததும் மீன் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுப் படுங்க."

அவர் குனிந்து வலது காலைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் நான் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். துணைக்கு நானும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிளம்பினேன். பஸ்ஸில் அவர் ஜெபமாலையை உள்ளங்கைக்குள் வைத்திருந்தார்.

ஸ்கேன் அறை குளுகுளுவென்று, பாதி இருட்டாக இருந்தது. எடுக்கிறவரும் ஒரு பெண்தான், நடுவயது, நம் பக்கத்துப் பேச்சு. இவரைப் படுக்க வைத்து, கைலியை ஒதுக்கிவிட்டு, வயிற்றிலும் தொடையிலும் ஜெல் தடவினார். சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அழுத்தி நகர்த்திக்கொண்டே வந்தார். திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியது. சத்தம் வந்தது, துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி, ஒரு சீராக. நான் கதவோரம் நின்றிருந்தேன். இவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

கருவி தொடையின் நடுவில் வந்ததும் சத்தம் மாறியது. விசிலடித்த மாதிரி கீச்சென்று ஏறி, அப்படியே அடங்கிவிட்டது. அந்தப் பெண் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "இங்கனதான்" என்று தனக்குள் சொன்னார்.

வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இங்கன வச்சா எடுக்கணும்?"

"ஆமாங்கய்யா. இங்கன கொஞ்சம் நல்லா எடுக்கணும்."

"முட்டிக்குக் கீழன்னுல்ல நெனச்சேன்."

"முட்டிக்குக் கீழயும் எடுப்போம். பாதம் வரைக்கும் எடுக்கணும்ல. இது முடிஞ்சதும் அந்தக் காலயும் எடுத்துருவோம்."

இவர் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டையுமா?"

"எப்பவும் ரெண்டு காலும் எடுக்கிறதுதான். ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டுப் பாக்கணும்."

"அந்தக் கால்ல ஒண்ணுமே இல்லியே தாயி!"

"ஒண்ணும் இல்லாட்டியும் எடுக்கணும்ய்யா. படுங்க."

அவர் படுக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கினார். ஜெல் காலில் வழிய, கைலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "வா டீச்சர், போவம். ஒண்ணுன்னுதான் ஒத்துக்கிட்டு வந்தேன். ரெண்டையும் குடுத்துட்டு நான் இருந்து என்ன செய்ய?"

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் விளங்கியது. "அய்யா, படம் எடுக்கிறோம்ய்யா. படம். கால இல்ல."

"போன்ல கால எடுக்கணும்னுதான சொன்னாக?"

"காலைல எடுக்கணும்னு சொல்லியிருப்பாங்க. காலையில. விடிஞ்சப்புறம்."

 அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. வாயைத் திறப்பதற்குள் முந்தின நாள் சாயங்காலம் நான் பேசியது ஞாபகத்துக்கு வந்தது. எனக்கென்ன. ஊர்ல எத்தன பேரு எடுக்குறாக. எதிர் வீட்டுல எடுக்கலியா. வந்ததும் மீன் குழம்பு. ஒவ்வொன்றாக, நான் சொன்ன வரிசையிலேயே வந்தது. சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப் போனேன். 

மறுபடி படுத்தவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. திரையையே பார்த்தார். போட்டில் கடலின் ஆழம் பார்க்க எக்கோ என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், அதுவும் சத்தத்தை அனுப்பித் திருப்பி வாங்குவதுதான். "நம்ம எக்கோ மாதிரியா தாயி?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதேதான் என்றார் அந்தப் பெண். அதன்பின் இருவரும் சினேகமாகிவிட்டார்கள். கருவியை முட்டிக்குக் கீழே இறக்கியபோது திரை வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் கையை லேசாகச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார்.  பிறகு மெலிசாக ஒரு சத்தம் வந்தது, உஸ், உஸ், உஸ் என்று. கணுக்காலிலும் வந்தது. பாதத்திலும், ரொம்பக் காது கொடுத்தால் கேட்கிற அளவுக்கு, வந்தது.

"ரத்தம் வருது" என்றார் அந்தப் பெண். "மெயின் ரோட்ட அடைச்சா வண்டியெல்லாம் சந்துக்குள்ள போகும்ல, அந்த மாதிரி சின்னக் குழாயெல்லாம் வழி போட்டுக் குடுத்திருக்கு. மத்தத டாக்டர் சொல்லுவாங்க."

டாக்டர் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அடைப்பு தொடையில் ஒரே இடத்தில்தான், அதற்குக் கீழே குழாய் நன்றாக இருக்கிறது, மதுரைக்குப் போய் உள்ளே மெல்லிய கம்பி விட்டுப் பலூனால் விரித்துவிடலாம், புண் ஆறிவிடும் என்றார். இவர் கடலிலும் கரையிலும் இழுக்கிற பீடியை இன்றோடு விட வேண்டும் என்றார். வலிக்கிற வரைக்கும் தினமும் நடக்க வேண்டும், வலித்தால் நிற்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும் என்றார். நின்று நின்று நடந்ததற்காக நான் தெருவில் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்.

"கால் இருக்கும்ல டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன். இவர் கேட்கவில்லை.

"இருக்கும்மா. நல்ல சமயத்துல வந்துட்டீங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். இருவருமே சாப்பிடாதவர்கள். இலையில் பரோட்டா வந்தது. அவர் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்து நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு இறங்கவில்லை.

"வெட்டத்தான் போறாகன்னு நெனச்சுமா என் பின்னால வந்தீக?" என்று கேட்டேன்.

"நீ சொன்னியே."

"நான் என்ன சொன்னேன்?"

"எடுத்துத்தான் ஆகணும்னு சொன்ன. விசாரிக்காம நீ சொல்ல மாட்டியே. நீயே பதறாம இருக்கியே, அப்ப வேற வழி இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன்." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஆனா மீன் குழம்பு வைக்கிறேன்ன பாரு, அப்பத்தான் டீச்சர் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு."

பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கமில்லை, அழுதேன். ராத்திரி முழுக்க இந்த மனிதர் காலைக் கொடுக்கச் சம்மதித்து என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார், நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். "அடச்சே, சாப்புடு. காலு இருக்குல்ல" என்று என் இலைக்கு ஒரு பரோட்டாவைத் தள்ளினார்.

வருகிற வழியில் பாம்பனில் இறங்கி நல்ல சங்கரா மீன் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தேன். அவர் தன் இடத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து, புண் கட்டோடு வலது காலையும், ஒன்றுமில்லாத இடது காலையும் வழியை மறித்து நீட்டிக்கொண்டார். நான் குழம்புச் சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றேன்.

"எடுக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தேன்.